அம்மாச்சி சேலையில் ஒரு போர்வை: கதை கேட்பது முதல் கடைசித் தையல் வரை

நான் தைத்த முதல் போர்வைக்குள் ஒரு பச்சைச் சுங்குடிச் சேலை இருக்கிறது. மேலே நாலைந்து துண்டுதான் கண்ணில் படும். மீதி உள்ளே எங்கேயோ. அம்மாச்சி போன பிறகு அவருடைய டிரங்குப் பெட்டியிலிருந்து முதலில் ஏழு சேலைகளை மட்டும் ஓசூருக்குக் கொண்டுவந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த ஏழையும் நாலங்குலச் சதுரங்களாக வெட்டித் தள்ளினேன். சதுரம் சதுரமாக அடுக்கினால் அழகாக இருக்கும் என்று யாரோ சொன்ன ஞாபகம்.

தைத்து முடித்து ஊருக்கு எடுத்துப்போய் அம்மாவிடம் காட்டினேன். தடவிக்கொண்டே வந்தவள் ஒரு சதுரத்தில் கையை நிறுத்தினாள்.

“ஏண்டி, இது எங்கம்மாவோட பச்சச் சுங்குடில்ல? இதுலதான உன்னைத் தூளி கட்டிப் போட்டோம்.”

எனக்கு அது தெரியாது. நான் கேட்கவும் இல்லை. தெரிந்திருந்தால் அந்தச் சேலையைத் துண்டு துண்டாக்கி மற்ற சேலைகளோடு கலந்திருக்க மாட்டேன். அதனால் இந்த வழிகாட்டி கத்தரிக்கோலில் தொடங்காது. இன்றுவரை ஐந்து போர்வை தைத்துவிட்டேன். தையல் யாருக்கும் வந்துவிடும். வெட்டிய சேலையை மட்டும் திரும்பச் சேர்க்க முடியாது.

இது என்ன போர்வை

பழைய பருத்திச் சேலைகளை மூன்று நான்கு அடுக்காக விரித்து, பஞ்சு எதுவும் வைக்காமல், கையால் ஓட்டுத் தையல் (ஊசியை மேலும் கீழுமாக விட்டு நேராக ஓட்டுவது) போட்டு முழுக்க இறுக்கி எடுப்பது. வட கர்நாடகத்தில் கவுதி என்கிறார்கள். மராட்டியத்தில் கோதடி, வங்காளத்தில் காந்தா, பீகாரில் சுஜனி. ‘கந்தையானாலும் கசக்கிக் கட்டு’ என்கிறோமே, அந்தக் கந்தையும் வங்காளத்துக் காந்தாவும் ஒரே வேரில் வந்த சொற்கள்தான். எங்கள் வீட்டில் இதற்குப் பெயர்கூடக் கிடையாது. நைந்த சேலையை நாலாக மடித்து, சுற்றிலும் ஒரு தையல் போட்டு, கைக்குழந்தைக்குக் கீழே விரிப்பார்கள். அவ்வளவுதான்.

நான் கற்றுக்கொண்டது ஓசூரில், பக்கத்து வீட்டு அக்காவிடம். அவர் தார்வாட் பக்கத்துக்காரர். அரைத் தமிழ், அரைக் கன்னடத்தில் பேசுவார். சாயங்காலம் வாசற்படியில் மடி நிறையக் கவுதியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஓசூரில் மார்கழிக் குளிர் உங்களுக்குத் தெரிந்திருந்தால், அதை நான் ஏன் வெறித்துப் பார்த்தேன் என்பது புரியும்.

முதல் வேலை: கட்டிலில் விரித்துக் கதை கேட்பது

சேலைகளை ஒவ்வொன்றாகக் கட்டிலில் முழு நீளத்துக்கு விரியுங்கள். மடித்த சேலையைக் காட்டிக் கேட்டால் “நல்ல சேலை, தீபாவளிக்கு எடுத்தது” என்பதோடு முடிந்துவிடும். விரித்தால்தான் கறை தெரியும், கிழிசல் தெரியும். அதைப் பார்த்ததும் பேச்சு தானாக வரும்.

‘இந்தச் சேலையின் கதை என்ன’ என்று கேட்காதீர்கள். யாருக்கும் பதில் வராது. கையில் பட்டதைக் கேளுங்கள். தோள்பட்டை வரும் இடத்தில் துருப்பிடித்த ரெண்டு புள்ளி இருக்கிறதே, அது என்ன? ஊக்கு குத்திய இடம். சரி, ஊக்கு குத்திக்கொண்டு எங்கே போவார்? அம்மா சொன்னாள், வேலைக்குப் போகும்போது மட்டும்தான் குத்துவாராம், வீட்டில் குத்த மாட்டாராம். அப்படியானால் அது வேலைக்குப் போன சேலை. முந்தானையின் ஒரு மூலை மட்டும் சுருங்கி, எத்தனை தடவை இஸ்திரி போட்டாலும் நிமிராமல் கிடந்தது. சில்லறை முடிந்து வைத்த மூலை. பேருந்துக் காசு, வெற்றிலைக் காசு, பேரப்பிள்ளைகளுக்கு மிட்டாய்க் காசு எல்லாம் அங்கிருந்துதான் வரும். அந்தச் சுருக்கத்தை நான் இப்போது இஸ்திரி போடுவதில்லை.

செல்போனில் குரலைப் பதிவு செய்துகொள்ளுங்கள். அதோடு ஒரு நோட்டும் வேண்டும். பக்கத்துக்கு ஒரு சேலை. மேலே அந்தச் சேலையின் ஓரத்திலிருந்து ரெண்டு அங்குலத் துண்டு ஒன்றை வெட்டிக் குத்திவிடுங்கள். கீழே யாருடையது, யார் எடுத்துக் கொடுத்தது, எப்போது உடுத்தியது, கறை எதனால். இவ்வளவு போதும். பதிவு செய்த குரலை யாரும் திரும்பக் கேட்கப்போவதில்லை, நோட்டைத்தான் புரட்டுவார்கள்.

இறந்தவர் சேலையை வெட்டுவதா, அதைப் போர்த்திக்கொள்வதா என்று வீட்டில் யாராவது கேட்பார்கள். எங்கள் வீட்டில் பெரியம்மா கேட்டார். கடைசியாக உடுத்தியிருந்த சேலை அம்மாச்சியோடு போய்விட்டது, பெட்டியில் மடித்து வைத்தது வேறு கணக்கு என்று அம்மா சொல்லிவிட்டாள். உங்கள் வீட்டில் ஒருவருக்கு மனசு ஒப்பவில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள். உயிரோடு இருப்பவர்களின் பழைய சேலையில் தைத்தாலும் போர்வை போர்வைதான். சொல்லப்போனால் அதுதான் வசதி, கதை சொல்ல ஆள் பக்கத்திலேயே இருப்பார்.

இந்தக் கேள்வியை நினைக்கும்போதெல்லாம் அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் ஜீஸ் பெண்ட் என்ற ஊர் ஞாபகத்துக்கு வரும். அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்த கறுப்பினக் குடும்பங்கள் வாழும் ஊர். அங்கே மிசூரி பெட்வே என்பவர் 1942-ல், கணவர் இறந்த பிறகு, அவர் வயலில் உடுத்திய வேலைத் துணிகளையே கிழித்துப் போர்வையாகத் தைத்தார். அவரை நினைத்துக்கொள்ளவும், அன்புக்காக அதைப் போர்த்திக்கொண்டு படுக்கவும் தைப்பதாக அம்மா சொன்னார் என்று மகள் பின்னாளில் சொல்லியிருக்கிறார். சாயம் போன நீலமும் சாம்பல் நிறமுமாக இருக்கும் அந்தப் போர்வையில், முழங்கால் தேய்ந்த இடங்கள்கூட அப்படியே தெரியும். அதைப் படத்தில் பார்த்த பிறகுதான் கறைகளை வெட்டி எறிவதை நான் நிறுத்தினேன்.

எந்தச் சேலை ஆகும், எது ஆகாது

பருத்தி. பலமுறை துவைத்த பருத்தி. பத்துப் பதினைந்து வருஷம் துவைத்த துணி சுருங்க வேண்டிய அளவு சுருங்கிவிட்டிருக்கும், கஞ்சி எல்லாம் போயிருக்கும், ஊசி வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கும். புதுத் துணியைப் பழையதோடு சேர்த்தால் முதல் துவைப்பிலேயே புதுசு மட்டும் சுருங்கி, போர்வை அப்பளம் மாதிரி கோணிக்கொள்ளும்.

பருத்திதானா என்று சந்தேகம் இருந்தால் ஓரத்திலிருந்து நாலு இழை உருவி, இடுக்கியால் பிடித்துத் தீயில் காட்டுங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கருப்பாகக் கட்டி தட்டிவிடும். பட்டு, முடி கருகுகிற மாதிரி நாறும்.

சுங்குடியும் கண்டாங்கியும் தையல் பழகுகிறவர்களுக்கு வரம். மதுரைச் சுங்குடிக்கு 2005-லும் செட்டிநாட்டுக் கண்டாங்கிக்கு 2019-லும் புவிசார் குறியீடு கிடைத்தது எல்லாம் சரி, நான் சொல்ல வருவது வேறு. சுங்குடியில் புள்ளிகள் வரிசையாக இருக்கும், கண்டாங்கியில் கட்டங்கள் நேராக ஓடும். பென்சில் கோடே வேண்டாம். புள்ளியைப் பிடித்துக்கொண்டோ கட்டத்தின் கோட்டைப் பிடித்துக்கொண்டோ தைத்துப் போய்விடலாம்.

பட்டு வேண்டாம். பழைய பட்டு மடிப்பு விழுந்த இடத்தில் கீறிக்கொண்டு போகும், ஜரிகை தோலில் உரசும். முகூர்த்தச் சேலையை எப்படியும் சேர்த்தே ஆக வேண்டும் என்றால், ஒரு சாண் துண்டை எடுத்து, அடியில் பருத்தி கொடுத்து, கால் பக்கத்தில் வையுங்கள். அம்மாவின் நைலக்ஸ் சேலை ஒன்று, பெரிய பெரிய ஆரஞ்சுப் பூப் போட்டது, அதையும் இப்படித்தான் சேர்த்தேன். நைலக்ஸ் வியர்வையை உறிஞ்சாது, ஊசிக்கு வழுக்கும். ஆனால் அப்பா முதல் சம்பளத்தில் எடுத்துக் கொடுத்தது என்று தெரிந்த பிறகு அதை விடவா முடியும்?

அடுத்து வலுப் பார்க்க வேண்டும். சேலையை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். கொசுவம் செருகும் இடுப்புப் பகுதி, குதிகால் படும் கீழ்க்கரை, தோள்பட்டை மடிப்பு, இந்த மூன்று இடத்திலும் வெளிச்சம் சல்லடையாகத் தெரியும். ரெண்டு கையாலும் பிடித்து லேசாக இழுத்துப் பாருங்கள். டர்ரென்று கிழிந்தால் அது மேலடுக்குக்கு ஆகாது.

இங்கேதான் ஒரு சங்கடம் வரும். மனசுக்கு ரொம்ப வேண்டிய சேலைதான் ரொம்ப நைந்த சேலையாக இருக்கும். அடிக்கடி உடுத்தியதால்தானே அது வேண்டிய சேலை ஆயிற்று. அதை மேலே வைத்தால் ஒரு வருஷம் தாங்காது. எனக்கு இதற்குத் தெரிந்த ஒரே வழி, அதை நடு அடுக்கில் முழுசாகப் போடுவது. யார் கண்ணுக்கும் தெரியாது. ஆனால் போர்வையின் மெத்தென்ற சுகம் முழுக்க அதிலிருந்துதான் வரும். பலமான சேலை அடியில், ஓரளவு பலமான துண்டுகள் மேலே.

சாயம் போகிறதா என்று பார்க்க, ஈரமான வெள்ளைத் துணியால் ஒரு மூலையை அழுத்தித் தேயுங்கள். கல் உப்பில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்பார்கள். நான் செய்து பார்த்த அரக்குச் சேலையில் நிற்கவில்லை. நாலைந்து தடவை தனியாகத் துவைத்து, தண்ணீர் தெளிவாக வந்த பிறகு சேர்ப்பதுதான் நம்பிக்கையான வழி.

அளவும் கணக்கும்

ஒரு சேலை ஐந்தரை மீட்டர், அதாவது 18 அடி நீளம். அகலம் சுமாராக 45, 46 அங்குலம்.

முதலில் குழந்தைப் போர்வையில் கை பழகுங்கள். சேலையை 3 அடிக்கு ஒன்றாக வெட்டினால் ஆறு துண்டு வரும். மூன்று மூன்றாக அடுக்கினால் ஒரே சேலையில் ரெண்டு குழந்தைப் போர்வை. நாளுக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் ஒன்று பத்து நாளில் முடிந்துவிடும். பிறந்த குழந்தைக்கு முதலில் பழைய துணிதான் போடுவது என்பது நம் வீடுகளில் இருக்கிற வழக்கம், அதற்கும் பொருத்தம். பீகாரின் சுஜனியும் இப்படித்தான் வந்தது. பச்சைக் குழந்தையைப் பழந்துணிகளைச் சேர்த்துத் தைத்த போர்வையில் சுற்றுவார்கள்.

பெரியவர் ஒருவருக்கு 5 அடி அகலம், ஏழரை அடி நீளம் போதும். சேலையை 5 அடித் துண்டுகளாக வெட்டுங்கள். ஒரு சேலைக்கு மூன்று துண்டு, 3 அடி மிச்சம். ரெண்டு துண்டைக் கரையோடு கரை சேர்த்தால் ஏழரை அடி வந்துவிடும். ஆக ரெண்டு சேலையில் மூன்று அடுக்கு. மேலே வைக்கும் ஒட்டுத் துண்டுகளுக்கு மூன்றாவது சேலையும், வெட்டி மிஞ்சியவையும். மொத்தம் நாலடுக்கு, ஒன்றேகால் கிலோவிலிருந்து ஒன்றரைக் கிலோ எடை. இதற்கு மேல் அடுக்கு ஏற்றாதீர்கள். ஆசைப்பட்டு ஆறடுக்கு வைத்த போர்வை ஒன்று, அந்த ஐந்தில் சேராதது, இன்னும் பாதியில் பரணில் கிடக்கிறது. ஊசி இறங்காமல் கட்டைவிரல் வீங்கிவிட்டது.

வெட்டும்போது ஃபால்ஸ் தைத்திருந்தால் பிரித்துவிடுங்கள். அதைப் பிரிப்பது எனக்குப் பிடித்த வேலை. ஃபால்ஸுக்குப் பின்னால் வெயில் படாத ஒரு பட்டைத் துணி இருக்கும். அம்மாவின் வெளிறிய ரோஸ் சேலையில் அந்த இடம் மட்டும் பளிச்சென்று கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது. கடையில் வாங்கிய அன்று முழுச் சேலையும் அந்த நிறம்தான். அந்தப் பட்டையை நான் தனியாக வெட்டி மேலடுக்கில் வைத்தேன்.

ஊசி, நூல்

கோணி ஊசியை எடுக்காதீர்கள், பழைய துணியில் ஓட்டை விழும். ரெண்டு அங்குல நீளமுள்ள சாதாரணக் கை ஊசி, காது கொஞ்சம் பெரிதாக, ஒரு பாக்கெட். நடுவிரலுக்கு ஒரு விரல் பூண். அது இல்லாமலும் தைக்கலாம், ஆனால் மூன்றாம் நாள் விரல் சல்லடை ஆகும்.

நூல் பருத்தியாக இருக்க வேண்டும். பாலியெஸ்டர் நூல் துணியைவிடப் பலமானது, வருஷம் போகப் போகப் பழைய இழைகளை அறுத்துவிடும் என்பார்கள். நான் ஆங்கர் எம்பிராய்டரி நூலில் ஆறு இழையைப் பிரித்து, மூன்று இழையாகத் தைக்கிறேன். ஒரு கண்டு 8 மீட்டர், பிரித்தால் 16 ஆகிறது. அரை அங்குல இடைவெளியில் தைத்தால் பெரிய போர்வைக்குத் தையல் நீளமே 900 அடி, அதாவது 275 மீட்டர் போகும். முடிச்சு, கடைசியில் மிஞ்சுகிற வால் எல்லாம் சேர்த்து 320 மீட்டர், 20 கண்டு. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வாங்குங்கள், அடுத்த மாதம் போனால் அதே நிறம் கிடைக்காது. முன்பு காந்தா தைத்தவர்கள் பழைய சேலைக் கரையிலிருந்து வண்ண இழைகளை உருவியே தைத்தார்கள். நான் முயன்றேன், பொறுமை பத்து அடியோடு தீர்ந்தது.

அடுக்குவது

எல்லாத் துண்டையும் துவைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டுக்கொள்ளுங்கள். காசு முடிந்த மூலைகளை விட்டுவிடலாம்.

பெருக்கித் துடைத்த வெறுந்தரை வேண்டும். பாய் மேல் விரித்தால் கோரை ஊசியில் மாட்டும். அடியடுக்கை நல்ல பக்கம் தரையைப் பார்க்க விரித்து, ஓரங்களை செல்லோடேப்பால் தரையில் ஒட்டுங்கள். இழுத்து ஒட்ட வேண்டாம், சுருக்கம் இல்லாமல் இருந்தால் போதும். அதன் மேல் நைந்த சேலை, அதன் மேல் மூன்றாவது. ரெண்டு துண்டைச் சேர்த்த மூட்டு எல்லா அடுக்கிலும் நட்டநடுவில் வந்தால் அந்த இடம் தடித்து முண்டாக நிற்கும். அதனால் நடு அடுக்கில் மட்டும் ஒரு துண்டைக் கரைக்கு இணையாகப் பாதியாக வெட்டி, முழுத் துண்டின் இரு பக்கமும் வையுங்கள். மூட்டு விலகிவிடும். நடு அடுக்கையும் மூன்றாவது அடுக்கையும் நீளப் பக்கங்களில் அரை அங்குலம் குறைத்து வெட்டினால் ஓர மடிப்பும் தடிக்காது.

இப்போது வேறு நிற நூலில், பெரிய பெரிய தையலாக ஒரு தற்காலிகத் தையல். நடுவில் தொடங்கி ஓரம் நோக்கி, நாலங்குலத்துக்கு ஒரு வரி, நெடுக்கும் குறுக்கும். சலிப்பான வேலைதான், ஒரு முழுக் காலை போய்விடும். முதல் போர்வையில் இதைத் தாவினேன். அசல் தையல் ஓரத்திலிருந்து உள்ளே வரும்போது சுருக்கமெல்லாம் நடுவில் வந்து சேர்ந்து, போர்வைக்குத் தொப்பை விழுந்துவிட்டது. இன்றும் இருக்கிறது அந்தத் தொப்பை.

தைப்பது

ஒரு மூலையில் தொடங்குங்கள். வெட்டிய ஓரம் நீளப் பக்கத்தில் இருக்கும். அடியடுக்கையும் மேலே வரும் துண்டையும் அரை அங்குலம் உட்பக்கமாக மடித்து, ரெண்டு மடிப்பும் ஒன்றையொன்று பார்க்க வைத்துத் தையுங்கள். கரை உள்ள அகலப் பக்கத்தை மடிக்க வேண்டியதில்லை, அது பிரியாது. கரையின் நிறமே போர்வைக்கு ஓரமாகிவிடும்.

மேல் ஒட்டுத் துண்டுகளை முதலிலேயே எல்லாம் சேர்த்துத் தைத்து வைக்க வேண்டாம். தையல் போகப் போக ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே வரலாம். துண்டின் ஓரத்தைக் கால் அங்குலம் உள்ளே மடித்து, விரல் நகத்தால் அழுத்தி, பக்கத்துத் துண்டின் மேல் கொஞ்சம் ஏற்றி வைத்து அதன் மேலேயே தையல் வரியை ஓட்டுங்கள். சுற்றி வந்து முதல் மூலையைத் தொட்டதும் அரை அங்குலம் உள்ளே தள்ளி அடுத்த சுற்று. இப்படிச் சுற்றிச் சுற்றி நடுவில் போய் முடியும். உத்தர கன்னட மாவட்டத்தில் எல்லாப்பூர், ஹளியாள் பக்கம் வாழும் சித்தி சமூகத்துப் பெண்கள், ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழியில் வந்தவர்கள், தங்கள் கவந்திப் போர்வைகளை இப்படித்தான் தைக்கிறார்கள். நாலு மூலையிலும் துணியை முக்கோணமாக மடித்து ஒரு சின்னப் பூ வைப்பார்கள். பூ இல்லாத கவந்தி அவர்களுக்கு முடிந்த கவந்தி ஆகாது.

ஊசியில் ஒன்றரை முழத்துக்கு மேல் நூல் கோக்காதீர்கள். நீள நூல் சிக்கும், உராய்ந்து நடுவில் மெலியும். நூலை ஒரு தடவை மெழுகுவர்த்தியில் இழுத்தால் வழுவழுப்பாக ஓடும். பெரிய போர்வைக்கு நானூறு தடவைக்கு மேல் ஊசி கோக்க வேண்டியிருக்கும். கண் சரியில்லாதவர்கள் காலையிலேயே பத்து ஊசியைப் பேரப்பிள்ளைகளிடம் கொடுத்துக் கோத்து வைத்துக்கொள்ளலாம், பிள்ளைகளும் கதை கேட்க உட்கார்ந்துவிடுவார்கள்.

முடிச்சு வெளியே தெரியக் கூடாது. தொடங்கும் இடத்துக்கு ஓரங்குலம் தள்ளி மேல் துணியில் மட்டும் ஊசியை விட்டு, தொடங்கும் இடத்தில் எடுத்து, லேசாக வெடுக்கென்று இழுங்கள். முடிச்சு ‘டப்’பென்று உள்ளே போய்விடும். அந்தச் சத்தம் கேட்டால் சரியாகப் போயிற்று என்று அர்த்தம்.

இடது கை துணிக்கு அடியில் இருக்க வேண்டும். ஊசி முனை அடி விரலை லேசாகத் தொட்டதும் மேலே திருப்புங்கள். தொடாவிட்டால் கடைசி அடுக்கு மாட்டவில்லை. ஊசியிலேயே மூன்று நாலு தையலை ஏற்றிக்கொண்டு ஒரே இழுப்பாக இழுங்கள். அங்குலத்துக்கு நாலு தையல் வந்தால் நல்ல தையல். முதல் வாரம் மூன்றுதான் வரும், அதுவும் கோணலாக. பரவாயில்லை. என் போர்வைகளில் எந்தச் சுற்று எந்த வாரம் தைத்தது என்று தையலைப் பார்த்தே சொல்லிவிடுவேன். கோபமாக இருந்த நாள்களில் நூலை இறுக்கி இழுத்திருக்கிறேன், துணி குறுகி நிற்கிறது.

நாளுக்கு ஒரு மணி நேரம் வீதம் ஐந்து, ஆறு வாரம் ஆகும்.

கதைத் துண்டுகளை எங்கே வைப்பது

இதற்கு விதி எதுவும் இல்லை. என் பழக்கத்தைச் சொல்கிறேன். கழுத்துப் பக்கம் முகத்தில் படும் என்பதால் அங்கே மிக மெல்லிய துணி. அதிகம் தேயும் இடமும் அதுதான், ஆகவே ஈடு செய்ய முடியாத துண்டை அங்கே வைக்கக் கூடாது. அம்மாச்சியின் காசு முடிச்சு மூலை, வலது கை வந்து விழும் இடத்தில் இருக்கிறது. தூக்கத்தில் கை தானாக அங்கே போகும். அடுப்புப் பொறி பட்டுக் கருகிய சின்னத் துளையை மூடவில்லை. அடியில் மஞ்சள் துணி ஒன்றைக் கொடுத்து, துளையைச் சுற்றி மட்டும் நெருக்கமாகத் தைத்திருக்கிறேன்.

துண்டுகளைச் சதுரமாக்க வேண்டிய கட்டாயம் இல்லை. சேலை கிழிந்த வாக்கிலேயே நீளப் பட்டையாக, கோணலாக வைத்தாலும் நன்றாகத்தான் இருக்கும். சதுரம் வெட்டியதில் நான் இழந்ததைச் சொல்லிவிட்டேன்.

பின்பக்கத்தில் ஒரு மூலையில் வெள்ளைத் துணித் துண்டு ஒன்று வைத்து எழுத்தைத் தையுங்கள். யாருடைய சேலைகள், யார் தைத்தது, எந்த வருஷம். பேனாவால் எழுதினால் நாலு துவைப்பில் போய்விடும். தமிழ் எழுத்தை நூலில் தைப்பது கொஞ்சம் பாடுதான், ‘ண’வுக்குள் சுழி மூன்றும் வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அங்குல உயரத்துக்குப் பெரிதாக எழுதுங்கள். நடு அடுக்கில் ஒளித்து வைத்த சேலையின் பெயரையும் இங்கே தைக்க மறக்காதீர்கள். உங்களுக்குப் பிறகு வேறு யாருக்கும் அது உள்ளே இருப்பது தெரிய வழியில்லை.

நடுவில் கடைசிக் கையளவு இடம் மிஞ்சியபோது அக்கா சமையலறைக்குப் போய் நாலு அரிசி எடுத்துவந்து உள்ளே போட்டார். போர்வைக்கு வயிறு காயக் கூடாதாம். அவர் முன்னால் மறுக்க முடியவில்லை. அடுத்த போர்வைகளில் போடவில்லை, வண்டு வருமோ என்ற பயம். ஆனால் அந்த முதல் போர்வையில் இதுவரை வண்டு வரவில்லை.

துவைப்பது, பழுது பார்ப்பது

தற்காலிகத் தையலைப் பிரித்துவிட்டு, குளிர்ந்த தண்ணீரில் லேசான சோப்பு போட்டுக் கையால் அழுத்தித் துவையுங்கள். முறுக்கிப் பிழிய வேண்டாம். நனைந்தால் ரெண்டு மூன்று மடங்கு கனக்கும், ஒற்றைக் கொடியில் தொங்கவிட்டால் மேல் தையல் அறும். ரெண்டு மூன்று கொடியின் மேல் பரப்பிப் போட்டு நிழலில் காயவிடுங்கள். முதல் துவைப்புக்குப் பிறகுதான் துணி தையலுக்கு நடுவே புசுபுசுவென்று எழும்பி, போர்வை போர்வையாகும். அதுவரை அது தைத்த துணி மாதிரிதான் இருக்கும், பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். வருஷத்துக்கு மூன்று நாலு துவைப்பு போதும். மற்றபடி உதறி வெயிலில் ஒரு மணி நேரம் போட்டாலே போதும்.

மேல் துண்டு கிழிந்தால் பிரிக்காதீர்கள். அதன் மேலேயே இன்னொரு துண்டை மடித்து வைத்து, பழைய தையல் வரியை ஒட்டியே தைத்துவிடுங்கள். அக்காவின் வீட்டுக் கவுதி ஒன்றில் சில இடங்களில் ஒட்டின் மேல் ஒட்டாக நாலு ஒட்டு இருக்கிறது.

என் இரண்டாவது போர்வையில் கழுத்துப் பக்கத்துத் துண்டு போன மாசம் நைந்து கிழிந்துவிட்டது. அதற்கு அடியில் இருந்த மூன்றாவது அடுக்கும் கூடவே போயிருந்தது. பிளவு வழியாக உள்ளே அம்மாச்சியின் காவிக் கண்டாங்கி தெரிகிறது, ரெண்டு விரல் அகலத்துக்கு. ஒட்டு வைக்கத் துணி வெட்டி, மடித்து, ஊசியும் கோத்து வைத்துவிட்டேன். அம்மா வந்து பார்த்துவிட்டுப் போகட்டும் என்று இன்னும் தைக்கவில்லை.